பாதிக் கிணற்றுப் பேய்

என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை நான் பேயாக இருந்திருக்கிறேன். அதையும் உருப்படியாகச் செய்யவில்லை.

நாடு சுதந்திரமடைந்து ஆறேழு வருஷம் ஆகியிருக்கும். தேவிபட்டினத்துக்குத் தெற்கே ஒரு கடலோர ஊரில், கன்னியர் மடத்தை ஒட்டிய டீக்கடையில் எனக்கு வேலை. வயது இருபத்துநாலு, வாயைத் தவிர வேறெதுவும் வளராத உடம்பு. உப்புக் கரிக்காத கிணறு அந்த ஊரில் ஒன்றே ஒன்றுதான். மடத்துக்கும் அது வேண்டும், ஊருக்கும் வேண்டும். அதனால் மடத்துச் சுற்றுச்சுவரைக் கிணற்றின் நடுவாகவே கட்டியிருந்தார்கள். பாதி கன்னியருக்கு, பாதி எங்களுக்கு. ஆளுக்கொரு கப்பி, ஆளுக்கொரு கயிறு. சுவர் ஒரு கல் உத்தரத்தின்மேல் நின்றது. அதற்குக் கீழே ஒரே தண்ணீர்.

மடத்துக்குத் தண்ணீர் இறைப்பவர் ஊருக்கே மதினி. புருஷனைக் கடலில் பறிகொடுத்தவர். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து என்னை ஏசுவார். மனசு வந்தால் அவித்த பனங்கிழங்கு ஒன்றை இந்தப் பக்கம் எறிவார். ஒரு காலையில் நான் குடத்தோடு போனபோது அந்தப் பக்கம் அரவம் கேட்டது. மதினிதான் என்று கிணற்றுக்குள் தலையை விட்டு, அடித்தொண்டையில் கேட்டேன்.

"எனக்கு என்ன கொண்டாந்திருக்க?"

குரல் கிணற்றைச் சுற்றி வந்து அந்தப் பக்கமாக ஏறியது. ஓர் அலறல். யாரோ விழுந்த சத்தம். அது மதினி இல்லை. மறுநாள் உடுப்பு வாங்கிக் கன்னியாஸ்திரி ஆகவிருந்த பெண்.

மூன்று நாள் அவளது வலக்கை மூடியபடியே இருந்தது. நாலு பேர் சேர்ந்தும் விரலைப் பிரிக்க முடியவில்லை. பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். அவள் ஆண்குரலில் அவரையே கேட்டாளாம்: "எனக்கு என்ன கொண்டாந்திருக்க?" ஜன்னல் வழியே அது தெருவரை வந்தது. டீ ஆற்றிக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றது. என் குரல். என் இழுவை. நான் விட்டு வந்தது அங்கே போய்க் குடியேறியிருந்தது. உண்மையைச் சொல்ல மடத்து வாசலுக்கு மூன்று முறை போனேன். மூன்று முறையும் "டீ வேணுமா" என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

அதற்குள் ஊர் வேறு கணக்குப் போட்டுவிட்டது. அதற்கு முந்தின வாரம் கயிற்றை நழுவவிட்டதற்காக மதினி அந்தப் பெண்ணை, "இந்தக் கை வெளங்குமா" என்று ஏசியிருந்தார். கை மூடிவிட்டதே, இது செய்வினைதான், தகடு கிணற்றில்தான் கிடக்கிறது என்றார்கள்.

"தகடு கெடச்சா சட்டிபானையத் தூக்கிட்டு ஊர விட்டுக் கெளம்பிரணும்" என்றார் ஊர்ப் பெரியவர்.

"கெடைக்கலேன்னா நீரு கெளம்புவீராக்கும்" என்றார் மதினி.

பேய் இருக்கும் கிணற்றில் இறங்க ஆள் இல்லை. நான் முன்வந்தேன். ஊரே வியந்தது. பேய் கிணற்றில் இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தானே. வெறும் சேற்றை மேலே அனுப்பினால் மதினியும் பிழைப்பார், நானும் பிழைப்பேன் என்பது என் ராஜதந்திரம்.

சித்திரை மாசம், தண்ணீர் முழங்கால் அளவுதான். கீழே நின்று அண்ணாந்தேன். சுவர் வானத்தை இரண்டாக அறுத்திருந்தது. ஒரு பாதியில் தலைப்பாகைகள், மறு பாதியில் வெள்ளை முக்காடுகள், நடுவே கையை மூடியபடி அந்தப் பெண். எல்லாக் கண்களும் என்மேல். பேசக் கூச்சமாக இருந்தது. எனக்கு அது புது அனுபவம்.

கூடையில் சேற்றை அள்ளி அனுப்பினேன். மேலே அலசினார்கள். மூன்றாவது கூடையில் பெரியவரின் குரல் மாறியது.

"பாசிமணி. ஒண்ணு ரெண்டு இல்ல, பத்திருவது கெடக்கு. மந்திரிச்சுப் போட்டுருக்கா."

என் கையிலும் சேற்றோடு இரண்டு கண்ணாடி மணிகள் மின்னின. மதினியை நானே மூட்டை கட்டி அனுப்பிவிட்டேன்.

அப்போது மறு பாதியிலிருந்து மடத்து மதர் பேசினார். கண்டிப்பானவர், அவர் பேர் சொன்னால் பள்ளிக்கூட மணியே தானாக அடிக்கும் என்போம்.

"அதுல மஞ்சப் பொட்டு வச்ச கறுப்பு மணி ஒண்ணு இருக்கா பாருங்க."

"இருக்கு" என்றார் பெரியவர்.

"அது என்னுது. சாயல்குடித் திருவிழாவுல எங்கய்யா வாங்கித் தந்தது. உடுப்பு வாங்குற முந்துன நாள் கழுத்துப் பாசியில ஒரு மணிய இதுல போட்டுட்டுத்தான் உள்ள போவோம். ஒருத்தரும் சொல்லித் தரல. ஒருத்தரும் வெளிய சொன்னதில்ல."

அவர் பக்கத்திலிருந்து இன்னொரு குரல்: "பச்ச என்னுது." "செவப்புல கோடு போட்டது." "உடஞ்சது இருந்தா அது எனக்கு." ஜெபமாலை சொல்வதுபோல ஒன்றன்பின் ஒன்றாகக் குரல்கள் கிணற்றுக்குள் இறங்கி வந்தன. எத்தனை வருஷத்துச் சேற்றின்மேல் நிற்கிறேன் என்று நினைத்து, காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

கடைசியாக ஒரு மெல்லிய குரல். அந்தப் பெண்ணின் சொந்தக் குரல்.

"நான் இன்னும் போடல. போட வந்தப்பத்தான் அது கேட்டுச்சு."

இதற்குமேல் ராஜதந்திரம் செல்லவில்லை. அண்ணாந்து, அதே அடித்தொண்டையில், "எனக்கு என்ன கொண்டாந்திருக்க?" என்றேன். பிறகு என் சொந்தக் குரலில், "நான்தான். மதினின்னு நெனச்சுக் கிழங்கு கேட்டேன்" என்றேன்.

ஊர்ப் பக்கத்துக் கயிறு தளர்ந்து என் தலையில் விழுந்தது. தலைப்பாகைகள் ஒவ்வொன்றாக மறைந்தன.

எவ்வளவு நேரம் நின்றேனோ. மடத்துப் பக்கத்துக் கயிறு இறங்கியது. அதைப் பிடித்து, உறைக்கல்லில் காலை ஊன்றி ஏறினேன். கப்பியில் நின்றவர் மதினி.

"இருவது வருசம் தண்ணி எறச்ச கை. இன்னைக்குத்தான் கழிசடைய எறச்சிருக்கு" என்றார்.

ஆண்பிள்ளை யாரும் கால் வைக்காத முற்றத்தில், கன்னியர் நடுவே சேறு சொட்ட நின்றேன். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். பிறகு மதரைப் பார்த்தாள்.

"போடு" என்றார் மதர்.

விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. உள்ளங்கையில் ஒரு நீல மணி பதிந்திருந்தது. அவள் கிணற்றின்மேல் கையைக் கவிழ்த்தாள். களுக் என்றது. ஏதாவது பதில் வருகிறதா என்று குனிந்து கேட்டாள். நாங்கள் எல்லாருமே கேட்டோம். தண்ணீர் ஒன்றும் சொல்லவில்லை.

"தள்ளுலே, தண்ணி எறைக்கணும்" என்றார் மதினி.