சரசு பிடித்த பந்து

போன வாரம் அக்கா பேத்திக்கு சாஃப்ட்பால் கையுறை வாங்க ரவாங் டவுனுக்குப் போயிருந்தேன். கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததும் முகர்ந்து பார்த்தேன். புதுத் தோல் வாசனை. சரசு ஞாபகம் வந்துவிட்டது. அவள் கையுறையில் இந்த வாசனை இருந்ததே இல்லை. வியர்வையும் தைலமும்தான் அடிக்கும்.

எண்பதுகளில் ரவாங் பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருவரும் வேலை செய்தோம். நான் ராசா ஊர்க்காரி; அவள் கலும்பாங் பக்கம், ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்தவள். பள்ளியில் நன்றாக விளையாடியதால்தான் அவளுக்கு அந்த வேலையே கிடைத்தது. கம்பெனி அணியில் நான் பந்து வீசுவேன், அவள் கேட்சர். மட்டைக்காரிக்குப் பின்னால் கம்பி முகமூடியோடு குந்தியிருந்து நான் வீசுவதையெல்லாம் பிடிக்க வேண்டும். என் பந்து எங்கே போகும் என்று எனக்கே தெரியாது, அதனால் அவளுக்கு வேலை அதிகம்.

எப்படி வீச வேண்டும் என்று முழங்கால்களுக்கு நடுவே விரலால் காட்டுவாள். ஒரு விரல் என்றால் வேகமாக, இரண்டு என்றால் மெதுவாக.

ஓர் இறுதி ஆட்டம். மட்டைக்காரி இன்னும் ஒரு பந்தைத் தவறவிட்டால் கோப்பை எங்களுக்கு. சரசு இரண்டு விரல் காட்டினாள். வேலியோரம் எங்கள் பகுதி மெக்கானிக் ஒருவர் நின்றிருந்தார். (அவர் பிறகு வேறு யாரையோ கட்டிக்கொண்டார்.) நான் முழு வேகத்தில் வீசினேன். பந்து அவளுடைய வெறும் வலது கையில் மோதியது; அப்படியும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துவிட்டாள். ஜெயித்தோம். எல்லாரும் குதித்தபோது அவள் மட்டும் எழுந்திருக்கவில்லை. விரல் முறிந்திருந்தது.

எங்கள் வேலை, மைக்ரோஸ்கோப்பில் பார்த்து முடி போன்ற கம்பிகளை ஒட்டுவது. அந்த விரல் பிறகு மடங்கவே இல்லை. சூப்பர்வைசர் கமலாக்கா கேட்டார்:

"எப்படி அடிபட்டுச்சு?"

"நான்தான்க்கா கையத் தப்பா வெச்சிட்டேன்."

பக்கத்தில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை. அவளைப் பெட்டி கட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டு இன்னும் மூன்று வருடம் என் பந்துகளைப் பிடித்தாள்.

பல வருடம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சரசு, அன்னிக்கு நீ ரெண்டு விரல்தான் காட்டுன. பாத்துட்டுத்தான் வேகமா போட்டேன்."

"தெரியும் லா," என்றாள். "அவரு நிக்கிறாரு, நீ எங்க மெதுவா போடப்போற? அது கேட்சருக்குத் தெரிஞ்சிருக்கணும்."

தொழிற்சாலை இப்போது இல்லை. நாங்கள் விளையாடிய திடலில் வரிசை வீடுகள் வந்துவிட்டன. அவள் குந்தியிருந்த இடம் எதுவாக இருக்கும் என்று ஒருமுறை நடந்து பார்த்தேன். குத்துமதிப்பாகக் கண்டுபிடித்த இடத்தில் யாரோ கார் நிறுத்தியிருந்தார்கள்.