துரத்துவதற்கு முன் தைத்த உடை

புதுச் சேலை கட்டிய பெண் ஒருத்தி என் கடைக்குள் நுழைந்தால், அவள் முகத்தை நான் பார்ப்பதில்லை. அவளுக்குப் பின்னால் வருகிற ஆளைத்தான் பார்ப்பேன். போடி பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் கம்ப்யூட்டர் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, மனு, பத்திரம் எல்லாம் அடிப்பேன். இதில் விடுதலைப் பத்திரம் என்று ஒன்று உண்டு. பிறந்த வீட்டுச் சொத்தில் எனக்குப் பாகம் வேண்டாம் என்று பெண் எழுதிக் கொடுப்பது. அதற்கு வருகிற அக்கா தங்கச்சிகள் முக்கால்வாசிப் பேர் புதுச் சேலையில்தான் வருவார்கள். கடையில் மடித்த மடிப்புக்கூடக் கலைந்திருக்காது. கூடவே அண்ணனோ தம்பியோ வருவான். அன்றைக்கு மட்டும் கேட்காமலே காப்பி வாங்கிக் கொடுப்பான். 'அன்பினாலும் பாசத்தினாலும்' என்று தொடங்கும் வரியை என் விரல்கள் தானாகவே அடித்துவிடும்.

எனக்குச் சந்தேகப் புத்தி என்று ஊரில் பேர். பேர் சரிதான், நான் மறுத்ததில்லை.

ஒரு மழை நாளில் மலையிலிருந்து ஒரு பெண் வந்தாள். என்னைவிடக் கொஞ்சம் இளையவள். ப்ளாஸ்டிக் பையில் சுற்றிய காகிதக் கட்டு ஒன்றைக் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சேலை, வெறும் கழுத்து, காதில் ஒரு பொட்டுத் தங்கம் இல்லை. எனக்கு மனசு இளகிவிட்டது. என் வீட்டுக்காரர் போன பிறகு நானும் பட்டதெல்லாம் கொஞ்சமா? நாற்காலியை இழுத்துப் போட்டு, மெதுவாகக் கேட்டேன்.

"எப்பம்மா தவறுனாரு?"

"ஆரு?"

"ஒங்க வீட்டுக்காரரு."

அவள் ஒரு கணம் முழித்தாள். அப்புறம் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"அவரு வெளிய டீ குடிச்சிட்டு நிக்குறாரு சேச்சி. எங்க சபையில பெண்ணுங்க வெள்ளைதான் உடுக்கிறது."

எட்டிப் பார்த்தேன். எதிர்க் கடையில் ஒரு மனிதர் வடையைப் பிட்டுக்கொண்டு உயிரோடுதான் நின்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தாலி இழந்த நான் மாம்பழக் கலர்ச் சேலையில் உட்கார்ந்திருக்கிறேன். புருஷன் இருக்கிறவள் வெள்ளையில் நிற்கிறாள். துணியைப் பார்த்து ஆளைப் படிக்கிற எங்கள் ஊர்ப் படிப்பு அவ்வளவுதான்.

அவள் ஏலத்தோட்டத்தில் காய் எடுத்தவள். இப்போது தோட்டத்துக் குடியிருப்புப் பெண்களுக்கு ஞாயிறுதோறும் வேதம் சொல்லிக்கொடுக்கிறாள். பெண்கள் கூட்டத்தில் கொடுப்பதற்குச் சின்னப் புத்தகம் ஒன்று எழுதியிருந்தாள். பழைய ஏற்பாட்டில், அதாவது எபிரேயர்களின் பழைய வேதத்தில், உடைகளுக்கு என்ன அர்த்தம் என்பதுதான் விஷயம்.

"துணியப் பத்தி எழுத அதுல என்ன இருக்கப் போகுது?" என்றேன்.

"அதுல மொத்தமும் துணிதான் சேச்சி. அடிச்சுப் பாருங்க."

வாரம் ஒரு நாள் ஜீப்பில் இறங்கி வருவாள். நான் அடித்ததைத் திருத்துவாள், நான் சண்டை போடுவேன். எனக்கு அந்த வேதம் புதுசு. அதனால் பக்தி எல்லாம் குறுக்கே வரவில்லை, நேராகத் துணியைத்தான் பார்த்தேன். பார்க்கப் பார்க்க எனக்கு ஆச்சரியம். அந்த ஆட்களும் எங்களைப் போலத்தான் இருந்தார்கள். மூத்தவன் உடுப்பை மாட்டிக்கொண்டு, கையில் ஆட்டுத்தோலைக் கட்டிக்கொண்டு, கண் தெரியாத தகப்பனிடம் ஆசியைத் தட்டிக்கொண்டு போகிறான் இளையவன். அவனுக்கே வயசான பிறகு, அவன் பிள்ளைகள் தம்பியை விற்றுவிட்டு, தம்பியின் அங்கியில் ஆட்டு ரத்தத்தைத் தோய்த்துக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். ஆட்டுத்தோலில் ஏமாற்றியவன் ஆட்டு ரத்தத்தில் ஏமாந்தான். இன்னொரு கூட்டம், பக்கத்து ஊர்க்காரர்கள்தான், கிழிந்த துணியும் தேய்ந்த செருப்பும் போட்டுக்கொண்டு ரொம்பத் தூரத்திலிருந்து வருகிறோம் என்று சொல்லி உடன்படிக்கை வாங்கிவிடுகிறது.

"ஒங்க புத்தகத்துல துணி வந்தாலே எவனோ எவனையோ ஏமாத்துறான்" என்றேன்.

"எல்லா இடத்திலயும் இல்ல" என்றாள் அவள்.

பெண் ஆணின் உடையை உடுத்தக்கூடாது என்று ஒரு சட்டம் அதில் வந்தது. விடுவேனா? விடிகிற நேரத்தில் எங்கள் தெரு வழியாகத்தான் மலைக்கு ஜீப்புகள் போகும். உள்ளே நெருக்கி உட்கார்ந்திருக்கிற பெண்கள் எல்லாரும் சேலைக்கு மேலே புருஷனின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டிருப்பார்கள். குளிருக்கும் அட்டைக்கும் அதுதான் கவசம். "அப்ப இவளுக எல்லாம் பாவிகளா?" என்று கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை.

"அது வேஷம் போடுறவங்களுக்குச் சொன்னது சேச்சி. அட்டைக்குப் பயந்தவங்களுக்குச் சொன்னதில்ல. நானே அவரு சட்டைலதானே இத்தன வருஷம் காய் எடுத்தேன்."

அந்த வாரத்தில்தான் என் அண்ணன் வந்தான்.

அண்ணன் சிலமலையில், அப்பா விட்டுப்போன தோட்டத்தில் இருக்கிறான். கிணறும் தென்னையும் கொஞ்சம் மாவும் உள்ள தோட்டம். அப்பா எதையும் எழுதி வைக்கவில்லை. சட்டப்படி எனக்கும் அதில் பாதி. நான் அதை வாய்விட்டுக் கேட்டதில்லை. ஆனால் மனசுக்குள் ஒரு கணக்கு இருந்தது. கடை வாடகைக் கடை, வீடும் வாடகை வீடு. பிள்ளை இல்லை. கண் மங்கி டைப் அடிக்க முடியாமல் போகிற நாளில், கிணற்று மேட்டில் இரண்டு அறை போட்டுக்கொண்டு போய் இருந்துவிடலாம் என்பதுதான் அந்தக் கணக்கு. அதைத் தவிர எனக்கென்று இந்தப் பூமியில் வேறு இடம் இல்லை.

அண்ணன் மஞ்சள் பையிலிருந்து ஒரு சேலையை எடுத்து என் மேஜை மேல் வைத்தான். பட்டு. நல்ல கிளிப்பச்சை, அரக்கு பார்டர்.

"என்ன அண்ணே திடீர்னு?"

"சும்மாதான். தங்கச்சிக்கு எடுக்கக் கூடாதா?"

எடுக்கலாம்தான். ஆனால் அண்ணன் அதற்கு முன் எனக்குக் கொண்டுவந்த துணி, என் வீட்டுக்காரர் இறந்த அன்று பிறந்த வீட்டு முறைக்குப் போட்ட கோடிச் சேலை. அதற்குப் பிறகு எத்தனையோ பொங்கல் போனது, தீபாவளி போனது, ஒரு கைக்குட்டை வரவில்லை. இப்போது பட்டு வருகிறது. சோழியன் குடுமி சும்மா ஆடாது. போகும்போது எதிர்க் கடையிலிருந்து எனக்குக் காப்பி வேறு சொல்லிவிட்டுப் போனான். விடுதலைப் பத்திரத்துக்கு வருகிறவர்களுக்கு வாங்கிக் கொடுக்கிற அதே காப்பி. குடிக்கவில்லை, ஆறிப்போனதும் கொட்டினேன்.

சேலையைப் பிரிக்காமலே டிராயரில் வைத்துப் பூட்டினேன். பத்திரம் எப்போது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நாள் ஆக ஆகச் சந்தேகம் குறையவில்லை, கூடியது. போனில் பேசினால் 'சாப்பிட்டியா ஆத்தா' என்றான். பேரன் பள்ளிக்கூடம் போவதைச் சொன்னான். தோட்டத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. சதா தென்னையில் ஈரியோபைட் பூச்சி விழுந்தது, மோட்டார் புகைந்தது என்று புலம்புகிறவன் தோட்டத்தைப் பற்றிப் பேசாமல் இருக்கிறான் என்றால் என்ன அர்த்தம்?

அடுத்த தடவை மலைக்காரி கொண்டுவந்தது முதல் அத்தியாயம். அவள் அதைக் கடைசியில்தான் எழுதி முடித்திருந்தாள். தப்பு செய்த முதல் ஆணும் பெண்ணும் இலையைத் தைத்துக் கட்டிக்கொள்கிறார்கள். கடவுள் கண்டுபிடிக்கிறார், திட்டுகிறார். தோட்டத்தை விட்டுத் துரத்தப்போகிறார். ஆனால் துரத்துவதற்கு முன், அவரே தோலில் உடை செய்து இரண்டு பேருக்கும் உடுத்திவிடுகிறார்.

நான் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டேன்.

"தோட்டத்த விட்டுத் தொரத்துறவரு எதுக்குத் துணி தச்சுக் குடுக்கணும்?"

"வெளிய குளிருமில்லா சேச்சி."

"அவ்வளவு அக்கறை இருந்தா தொரத்தாம இருந்திருக்கலாம்ல?"

என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் டிராயரைத் திறந்து பச்சைச் சேலையை வெளியே எடுத்துப் போட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சேலையைத் தொட்டுப் பார்க்கவில்லை. கேட்டு முடித்துவிட்டு, தன் புத்தகத்தில் வருகிற ஒரு தாயைப் பற்றிச் சொன்னாள். பிள்ளையைக் கோயிலுக்கு நேர்ந்து விட்டுவிட்டு, வருஷம் தவறாமல் ஒரு சின்ன அங்கி தைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பாளாம். பிள்ளை வளர வளர அங்கியும் கூடவே வளர்ந்திருக்கும். அந்த ஒரு இடத்தில்தான் எனக்கு யார் மேலும் சந்தேகம் வரவில்லை.

"வருஷாவருஷம் வந்திருந்தா நானும் சந்தேகப்பட்டிருக்க மாட்டேன்" என்றேன். அவள் பேனாவை மறுபடி திறந்தாள். "வெரசா அடிங்க சேச்சி, கடைசி ஜீப்பு போயிரும்" என்றாள்.

அண்ணன் மறுபடி வந்தபோது வெள்ளைச் சட்டை தேய்த்துப் போட்டிருந்தான். உட்காரவில்லை.

"சேலையக் கட்டிப் பாத்தியா?"

"இல்ல."

"ஏன்? கட்டிக்கிட்டு வா. ஒரு சின்னச் சோலி இருக்கு, ரெண்டு பேருமா ஒரு எட்டுப் போயிட்டு வந்திரலாம்."

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஒருவன் சொல்வது மெய்யா பொய்யா என்று தெரியவேண்டும் என்றால், துணியைத் தரையில் போட்டுத் தாண்டச் சொல்வார்கள். பொய்யாகத் தாண்டினவன் குடி விளங்காது என்பது நம்பிக்கை. பெரும்பாலும் ஆம்பளைகள் துண்டைப் போட்டுத் தாண்டுவார்கள். நான் எழுந்து, கடைக் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, அந்தப் பட்டுச் சேலையை உதறித் தரையில் போட்டேன். முதல் தடவையாக அது விரிந்து கிடந்தது.

"கையெழுத்துக்காக இதக் கொண்டாரலன்னு சொல்லித் தாண்டு அண்ணே. தாண்டிட்டா இப்பயே கட்டிக்கிட்டு வர்றேன். நீ எங்க கூப்புட்டாலும் வர்றேன்."

அண்ணனுக்கு முகம் கறுத்துவிட்டது. "பைத்தியக்காரி" என்றான். நான் நகரவில்லை. செருப்பைக் கழற்றினான். வலது காலைத் தூக்கவும் செய்தான். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் அவன் தாண்டிவிட வேண்டும் என்றுதான் எனக்கு இருந்தது. என் புத்தி கெட்ட புத்தி என்று ஆகிவிட்டால் போதும், ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கட்டும் என்றிருந்தது.

அண்ணன் காலைப் பின்னால் வைத்துவிட்டான். குனிந்து, சேலையைக் கூட்டி எடுத்து, தூசியைத் தட்டி, முழங்காலில் வைத்து மடித்தான். ஜவுளிக் கடைக்காரன்கூட அவ்வளவு பொறுமையாக மடிக்க மாட்டான். மடித்ததை மேஜை மேல் வைத்தான்.

"கையெழுத்துக்குத்தான் ஆத்தா கொண்டாந்தேன். தோட்டத்த மகன் தன் பேருக்கு மாத்தணும்கிறான், வீட்டுல நிம்மதி இல்ல." சேலை ஓரத்தை ஒரு தடவை நீவிவிட்டான். "ஆனா நெறம் நாந்தான் பாத்து எடுத்தேன். வீட்டுல மஞ்ச எடுக்கச் சொன்னாக. ஒனக்குப் பச்சைதான் எடுப்பா இருக்கும்னு நாந்தான் சொன்னேன்."

"கையெழுத்துப் போட மாட்டேன் அண்ணே."

"தெரியும்" என்றான். சேலையை எடுக்காமல் போய்விட்டான். நான் அன்றைக்குக் கடையை அப்போதே அடைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்து அழுதேன். சந்தேகப்பட்டது பலித்தால் சந்தோஷமாக இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அப்புறம் அண்ணன் மகன் கிணற்றைச் சுற்றி முள்வேலி போட்டான். நான் வக்கீலைப் பார்த்தேன். பாகப்பிரிவினைக் கேஸ் போட்டாயிற்று. மலைக்காரியின் புத்தகமும் அச்சாகி வந்தது. அவளுக்கு அடித்துக் கொடுத்த மாதிரியே என் மனுவையும் நானே அடித்தேன், ஒரு எழுத்துப் பிழை இல்லாமல்.

முதல் வாய்தாவுக்குப் போகிற அன்று காலையில் பச்சைச் சேலையை எடுத்துக் கட்டினேன். பக்கத்து வீட்டுக்காரி, "யாரு மேல கேஸ் போட்டியோ அந்த அண்ணன் குடுத்த சேலையிலயா கோர்ட்டுக்குப் போற?" என்று வாயைப் பிளந்தாள். ஆமாம். அப்பா விட்டுப்போனதையும் விடமாட்டேன், அவன் கொடுத்ததையும் விடமாட்டேன்.

தேனிக் கோர்ட்டு வராந்தாவில் அண்ணன் தூணில் சாய்ந்து நின்றான். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் இடுக்கியிருந்தான். அவன் மகன் சற்றுத் தள்ளி வக்கீலோடு பேசிக்கொண்டிருந்தான், என்னைக் கண்டதும் முதுகைக் காட்டினான். அண்ணன் என்னைத் தலையிலிருந்து கால் வரை ஒரு தடவை பார்த்தான். கிட்ட வந்து, மகனுக்குக் கேட்காமல் சொன்னான்.

"நெறம் ஒனக்கு எடுப்பாத்தான் இருக்கு ஆத்தா."

கேஸை வாபஸ் வாங்க வைக்கப் பார்க்கிறானோ என்று அந்த நேரத்திலும் அவன் முகத்தில் தேடினேன். அந்த முகத்தில் ஒன்றும் இல்லை. கண்தான் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். முதலில் என் பெயர், அப்புறம் அவன் பெயர். இரண்டோடும் எங்கள் அப்பா பெயரைச் சேர்த்துத்தான் கூப்பிட்டார்கள்.