மகள் மேல் நான் சுட்ட நீலக் குண்டு

என் மகள் பேங்க் வேலையை விட்டுவிட்டுக் கீழக்குயில்குடிப் பக்கம் ஒரு தரிசு நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்தாள். அங்கே பெயிண்ட் துப்பாக்கி விளையாட்டு நடத்தப்போவதாகச் சொன்னபோது சொந்தக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் வயிற்றில் பிறந்தவள், தொட்டதை விடமாட்டாள்.

விளையாட்டு வேறொன்றுமில்லை. துப்பாக்கிக்குள் சின்ன கேஸ் குப்பி ஒன்று இருக்கும். கோலிக்குண்டு மாதிரி ஒரு உருண்டையை அது வெளியே தள்ளும். உருண்டைக்குள் சாயம். பட்ட இடத்தில் உடைந்து அப்பிக்கொள்ளும். அப்பினால் அவர் அவுட்டு.

ஞாயிற்றுக்கிழமை முதல் கூட்டம் வருவதாக இருந்தது. வருகிறவர்கள் அவளுடைய பழைய ஆபீஸ்காரர்கள். அவர்கள் முன்னால் துப்பாக்கி மக்கர் பண்ணினால் அவள் தலை குனிந்துவிடும். அதனால்தான் இரண்டு நாள் முந்தியே சோதித்துப் பார்க்கக் கிளம்பினாள். எனக்கு முட்டிவலி, இருந்தாலும் கூடப் போனேன்.

வேப்பமரத்தில் பழைய போர்வையைக் கட்டிவிட்டுச் சுட்டாள். மற்ற துப்பாக்கிகள் சொன்ன பேச்சைக் கேட்டன. வீட்டில் பெட்டியைப் பிரித்தபோது முதலில் எடுத்த துப்பாக்கி மட்டும் வாயிலேயே குண்டை உடைத்து நீலமாகத் துப்பியது. கையெல்லாம் சாயம்.

"எல்லாம் ஒரே கம்பெனிதானம்மா. இது மட்டும் ஏன் இப்புடிப் பண்ணுது?"

"என்னையக் கேட்டா? தொடச்சுப் பாரு தாயி."

குச்சியில் துணியைச் சுற்றிக் குழலுக்குள் விட்டுத் திருகினாள். நீலத்தோடு மஞ்சளாக ஏதோ பொருக்குப் பொருக்காய் வந்தது. முகர்ந்து பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"சந்தனம்மா."

"துப்பாக்கிக்குள்ள சந்தனம் எப்புடிடி வந்துச்சு?"

"நான்தான் வச்சேன். நீ கோயிலுக்குப் போயிருந்தப்ப."

எங்கள் வீட்டில் கிரைண்டர் வந்தாலும் வண்டி வந்தாலும் முதலில் சந்தனம், குங்குமம். "துப்பாக்கிக்குமா? போம்மா" என்று பெட்டி வந்த அன்றைக்கு என்னிடம் வாயடித்தவள் அவள். எனக்குத் தெரியாமல் சந்தனத்தைக் குழைத்துக் குழல் வாயில் வைத்திருக்கிறாள். அது குழலுக்குள் வழிந்து காய்ந்து, போகிற குண்டையெல்லாம் உரசி உடைத்திருக்கிறது.

"அடுத்த தடவ கைப்பிடில வையி" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

குழலைச் சுத்தம் செய்த பிறகு குண்டு நேராகப் போய்ப் போர்வையில் அப்பியது. நான் ஃபிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றினேன். அவள் குடிக்கவில்லை. முகமூடியை மாட்டி, மெத்துமெத்தென்ற சட்டையைப் போட்டு, துப்பாக்கியை என் கையில் கொடுத்தாள்.

"என் மேல சுடும்மா."

"என்னடி பேச்சு இது?"

"போர்வை ஆடும், அத வச்சு நம்ப முடியாது. மனுசன் மேல உடையணும். உடையாமப் பட்டா வீங்கிரும். வாறவங்களுக்கு வீங்கக் கூடாதுல்ல?"

"அப்ப இதையெல்லாம் எனக்கு மாட்டு. நீ சுடு."

மாட்டிவிட்டாள். ஆனால் சுட்டதெல்லாம் புதருக்குப் போனது. என் மேல் குறிவைக்க அவளுக்கு மனசு வரவில்லை. சட்டையையும் முகமூடியையும் கழற்றி அவளிடமே கொடுத்தேன்.

இவளை வளர்த்த காலத்தில் நான் ஒரு அடி அடித்ததில்லை. கோபம் வந்தால் அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டுவேன், அவ்வளவுதான். இப்போது அவள் நெஞ்சுக்கு நேராகத் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். கண்ணை மூடவில்லை. மூடினால் முகத்தில் பட்டுவிடுமே என்று பயம். விசையை அமுக்கினேன்.

நீலம் நெஞ்சில் பூத்தது.

"வலிக்குதாடி?"

"சுண்டுன மாதிரி இருக்கு. நிறுத்தாத, இன்னும் சுடு. கேஸ் கொறையக் கொறைய ஒழுங்கா உடையுதான்னு பாக்கணும்."

சுட்டேன். ஒவ்வொரு தடவையும் "வலிக்குதா" என்று கேட்டேன். "கேக்காமச் சுடும்மா" என்று அதட்டினாள். கேஸ் தீர்கிற நேரத்தில் கடைசிக் குண்டு மெதுவாகப் போய் அவள் வயிற்றில் பட்டது. அதுவும் உடைந்தது.

முகமூடியைத் தூக்கினாள். வேர்த்து வழிந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. "ஞாயித்துக்கெழம தெறக்கலாம்மா" என்றாள்.

முந்தானையால் அவள் சட்டையைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க நீலம் பரவியது.

"விடும்மா, தண்ணில போயிரும்" என்றாள்.

நான் விடவில்லை.