நான்காம் நம்பர் பேசிய எங்கள் பேச்சு

மேடையில் நான்காம் நம்பர் வாயைத் திறந்ததும் கையிலிருந்த நோட்டை அவசரமாகப் புரட்டினேன். "ட்ரீஸ் ஆர் தி லங்ஸ் ஆஃப் தி எர்த்" என்று தொடங்கினாள் அந்தப் பெண். அது எங்கள் பேச்சு. என் பக்கத்தில் ஒன்பதாம் நம்பர் அட்டையைக் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த என் மாணவி கோகிலா மூன்று வாரமாக மனப்பாடம் செய்த பேச்சு, வரிக்கு வரி அதேதான்.

சேந்தமங்கலத்தில் நடுநிலை வகுப்புகளுக்கான ஆங்கிலப் பேச்சுப் போட்டி அது. தலைப்பு, மரங்களைக் காப்போம். ஆளுக்கு மூன்று நிமிடம். நான் அப்போது மலைமேல் வளப்பூர் நாடு என்கிற ஊரில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. கோகிலா எட்டாம் வகுப்பு.

இந்தக் கூத்து எப்படி நடந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நாமக்கல்லில் ஒரு கடையில் கையேடு வாங்கி, அதிலிருந்த பேச்சை அப்படியே நோட்டில் எழுதி, நானே எழுதியது என்று ஹெச்.எம்.மிடம் பெருமையடித்துக்கொண்டேன். மற்ற டீச்சர்களும் அதே கடைக்குத்தான் போவார்கள் என்பது என் மண்டையில் ஏறவில்லை.

ஹெச்.எம். கெட்டவர் இல்லை, பயந்தவர். எங்கள் பள்ளியிலிருந்து அதுவரை யாரையும் இந்தப் போட்டிக்கு அனுப்பியதில்லை. நான் விடாமல் நச்சரித்ததால் சம்மதித்தார். "சரிங்க டீச்சர், போயிட்டு வாங்க. ஆனா அங்க போயி புள்ள முழிச்சுக்கிட்டு நின்னா, மலைப் புள்ளைங்களுக்கு இங்கிலீஷ் வராதுன்னு ஊரே சிரிக்கும். அப்பறம் அடுத்த வருசம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது" என்றார். ஆகவே அன்று கோகிலா தோற்றால் அவளோடு போகாது. அவளுக்குப் பின்னால் வரும் அத்தனை பிள்ளைகளுக்கும் கதவு சாத்திவிடும்.

நான் செய்த அடுத்த காரியம் இன்னும் வெட்கக்கேடு. "கண்ணு, காய்ச்சல்னு சொல்லிட்டுக் கெளம்பிரலாமா?" என்று அவள் காதில் கேட்டேன்.

"எதுக்குங்க டீச்சர்? அந்தப் புள்ள நல்லாத்தான பேசுது."

"அடியே, அது நம்ம பேச்சுடி."

"தெரியுதுங்க. நான் வேற பேசிக்கறனுங்க."

"வேற என்னத்தப் பேசுவ?"

"அது சொன்னதுக்குப் பதில் சொல்றனுங்க" என்றாள். முகத்தில் பயமே இல்லை. பயம் முழுவதையும் நான் ஒருத்தியே பட்டுக்கொண்டிருந்தேன்.

ஏழாம் நம்பர் பையனும் எழுந்து போய் அதே நுரையீரலில் ஆரம்பித்தான். நடுவர்கள் மூன்று பேரில் ஒருவர் செல்போனை எடுத்துவிட்டார்.

ஒன்பதாம் நம்பரைக் கூப்பிட்டார்கள். கோகிலா போய் மைக் முன்னால் நின்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு அவள் குரல் கேட்டது.

"குட் மார்னிங். நம்பர் ஃபோர் அண்ட் நம்பர் செவன் டோல்ட் மை ஸ்பீச். வெரி குட் ஸ்பீச். பட் ஐ ஹேவ் ஒன் டவுட்."

ஹால் முழுக்கச் சிரிப்பு. செல்போன் மேசைக்குப் போனது.

அவளுடைய சந்தேகம் இதுதான். மரம் நடுங்கள், வெட்டாதீர்கள் என்கிறீர்களே, யாரிடம் சொல்கிறீர்கள்? எங்கள் தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தில்தான் மிளகுக்கொடி ஏறுகிறது. கொடி என்பதற்கு ஆங்கில வார்த்தை தெரியாமல் மைக் கம்பியைப் பிடித்து, விரல்களை மேலே மேலே ஏற்றிக் காட்டினாள். "நோ ட்ரீ, நோ பெப்பர். நோ பெப்பர், நோ நியூ டிரஸ் ஃபார் மீ." மறுபடி சிரிப்பு. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள், யார் சொல்லிக் கொடுத்தார்களோ. அதன் பிறகு குரலை ஏற்றினாள். காரில் வருகிறவர்கள் எங்கள் காட்டில் பாட்டிலை உடைத்துப் போடுகிறார்கள். பீடியைத் தூக்கி எறிகிறார்கள், தீப்பிடிக்கிறது. அணைக்க ஓடுவது என் அப்பா. "ஸோ நம்பர் ஃபோர், ப்ளீஸ் டெல் யுவர் குட் ஸ்பீச் டு தெம்."

எச்சரிக்கை மணி அடிப்பதற்குள் வணக்கம் சொல்லி இறங்கிவிட்டாள். இலக்கணப் பிழைகளை எண்ண ஆரம்பித்தவள் நான், எட்டோடு விட்டுவிட்டுக் கை தட்டினேன். முதலில் எழுந்து நின்று தட்டியது நான்காம் நம்பர் பெண்.

முதல் பரிசு கோகிலாவுக்கு. பெயரைச் சொன்னதும் நான் அழுதுவிட்டேன், அவள்தான் எனக்குக் கைக்குட்டை கொடுத்தாள். நடுவர்களில் ஒரு கல்லூரிப் பேராசிரியை என்னிடம் வந்து, "பேச்சு நீங்க எழுதிக் குடுத்ததுங்களா டீச்சர்?" என்று கேட்டார். அந்த மாதிரிக் கேள்விக்கு முப்பது வருடமாக ஆமாம் என்றே சொல்லிப் பழகிய வாய் இது. "நான் ஒரு வரிகூட எழுதலீங்க" என்றேன். அவ்வளவு கர்வத்தோடு நான் எதையும் சொன்னதில்லை.

புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்களுக்குச் சொல்கிறேன். மனப்பாடம் வீண் இல்லை. அவள் மேடையில் பேசிய வார்த்தைகளில் பாதி அந்தக் கையேட்டு வார்த்தைகள்தான். ஆனால் அவற்றை வைத்துச் சொல்வதற்கு அவளிடம் ஒரு விஷயம் இருந்தது. அதை நான் மூன்று வாரத்தில் ஒருநாள்கூடக் கேட்கவில்லை. கேளுங்கள். கேட்டபின் வார்த்தை கொடுங்கள், போதும்.

அடுத்த வருடம் சுற்றறிக்கை வந்ததும் ஹெச்.எம். தாமே என் வகுப்புக்கு வந்தார்.

"எத்தன பேருங்க டீச்சர் இந்தத் தடவ?"

"பதினோரு புள்ளைங்க பேர் குடுத்திருக்காங்க சார்."

"ஒரு பள்ளிக்கு ஒருத்தர்தானுங்களே?"

"அப்ப முதல்ல நம்ம பள்ளிக்கூடத்துலயே ஒரு போட்டி வெக்கோணுங்க சார். மைக்குக்குச் சொல்லிருங்க" என்றேன்.