சுதர்ஷனின் பெயர் வராத படம்

சுங்கைப் பட்டாணியில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறாள் ஷாமினி. குழாயில் ஒட்டியிருக்கும் பெயரையும் தாளில் இருக்கும் பெயரையும் இரண்டு முறை ஒப்பிட்டுப் பார்க்காமல் எதையும் இயந்திரத்தில் வைக்கமாட்டாள். ஒருமுறை டாக்டர் ஒருவர் அவசரப்படுத்தினார். "பேர் மாறிப் போனா நீங்க பதில் சொல்வீங்களா டாக்டர்?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் முதலிலிருந்து பார்த்தாள். அதற்குப் பிறகு அங்கே யாரும் அவளை அவசரப்படுத்துவதில்லை.

வீட்டில் அவளும் அம்மா சிவபாக்கியமும் மட்டும்தான். அப்பா சின்னத்துரை அரசாங்க மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம் இறந்துவிட்டார். தம்பி சுதர்ஷன் அவளைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவன். தசைச் சிதைவு நோயோடு பிறந்தவன். பத்து வயதில் சக்கர நாற்காலிக்கு வந்தான். இருபது வயதில் அவன் சொன்னபடி கேட்டவை வலது கையின் கட்டை விரலும் ஆட்காட்டி விரலும்தான். அந்த இரண்டு விரல்களை வைத்துக்கொண்டு அவன் வீடியோ கேம் ஆடினான்.

அவனுக்கு உயிராக இருந்த விளையாட்டின் பெயர் 'பெனாம்பாங்'. ஆளேற்றும் படகுக்கு மலாய்க்காரர்கள் சொல்லும் பெயர். பினாங்கில் இரண்டு பேர் சேர்ந்து செய்தது. தஞ்சோங் டாவாய் மாதிரி ஓர் ஆற்றுமுகம், அங்கே ஒரு படகுக்காரி. அவளுக்குப் பெயர் கிடையாது. ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரு வார்த்தை பேசமாட்டாள். வருகிறவர்களை ஏற்றி அக்கரையில் விட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பாதி தாண்டியதும் வெள்ளம் வரும். படகுத்துறையில் ஐந்து பேர் நிற்பார்கள். படகில் நான்கு பேருக்குத்தான் இடம். தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும். யாரை விட்டுவிட்டுப் போவது என்று ஆடுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். விட்டுவிட்டு வந்த ஆளைப் பற்றி விளையாட்டு அதற்கப்புறம் ஒன்றும் சொல்லாது. யாரும் திட்டமாட்டார்கள். அதனால்தான் அந்த முகம் பல நாள் மனதை விட்டுப் போகாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தக் கட்டத்தில் சுதர்ஷனின் கட்டை விரல் இழுத்துக்கொண்டது. எதையும் அழுத்த முடியவில்லை. "அக்கா, விரல்" என்றான். ஷாமினி ஓடி வந்து தைலம் தேய்த்துவிட்டாள். திரையில் தண்ணீர், துறையில் நின்ற படகுக்காரியின் இடுப்புக்கு வந்தது, மார்புக்கு வந்தது, கழுத்துக்கு வந்தது. படகுக்காரி செத்துவிடுவாள் என்றுதான் இரண்டு பேரும் நினைத்தார்கள். பதினோரு நிமிடம் கழித்து வெள்ளம் தானாக வடிய ஆரம்பித்தது. மணல்திட்டு மேலே வந்தது. ஐந்து பேரும் அதன்மேல் நடந்தே அக்கரைக்குப் போனார்கள்.

சுதர்ஷன் அதைப் பதிவு செய்து பினாங்குக்கு அனுப்பினான். மூன்று வருடமாக யாரும் கண்டுபிடிக்காத வழி அது என்று விளையாட்டைச் செய்தவர்களே அவனுக்குக் கடிதம் எழுதினார்கள். ஆடுகிறவர்கள் எல்லாரும் பதறிப் போய் பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். ரசிகர்கள் அதற்கு 'சுதா வழி' என்று பெயர் வைத்தார்கள். ஒன்பதாயிரம் பேர் இருந்த இணைய ரசிகர் குழுவை அவனே நடத்தினான். இருபத்து நான்கு வயதில் அவன் இறந்தபோது அந்தக் குழு ஷாமினியின் கைக்கு வந்தது.

நான்கு வருடம் கழித்து, கோலாலம்பூரிலிருந்து தேவன் என்ற இயக்குநர் வீட்டுக்கு வந்தார். பெனாம்பாங்கைத் தமிழில் படமாக எடுக்கிறாராம். கூடவே நளினி என்ற உதவி எழுத்தாளர். லூனாஸ் ஊர்ப் பெண், இருபத்தாறு வயது இருக்கும். தேவன் சிவபாக்கியம் போட்ட சோற்றை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சுதர்ஷன் படத்துக்கு முன்னால் கைகட்டி நின்றார்.

"அம்மா, படத்தோட உயிரே உங்க மகன் கண்டுபிடிச்ச இடம்தான். படம் தொடங்கற முதல் கார்டுலயே 'சுதர்ஷன் சின்னத்துரைக்கு'ன்னு போடறோம். இது என் வாக்கு."

சிவபாக்கியம் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். "போடுங்கோ தம்பி. அவன் ஒரு இடமும் போகேல்லை. பேராவது போகட்டும்."

தம்பி பதிவு செய்து வைத்திருந்த அத்தனையையும் ஷாமினி எடுத்துக் கொடுத்தாள். திரைக்கதையைப் படித்து நாற்பத்தாறு பக்கம் குறிப்பு எழுதினாள். படகுக்காரியைப் பேச வைக்காதீர்கள் என்பது முதல் பக்கத்தின் முதல் வரி. அதைப் பற்றி தேவனோடு தொலைபேசியில் ஒரு மணி நேரம் பேசினாள்.

"அக்கா, வீட்ல உக்காந்து பதினோரு நிமிஷம் சும்மா இருக்கலாம். தியேட்டர்ல சும்மா காட்டினா ஆள் எழுந்து போயிடுவான் லா" என்றார் தேவன்.

"பதினோரு நிமிஷமும் காட்டச் சொல்லல. அவ வாயத் திறக்க வேண்டாம், அது போதும். விளையாடறப்ப அந்த ஆள விட்டுட்டுப் போனது நான். என் விரல். படத்துல அதையே வேற யாரோ செய்வாங்க, நான் கச்சான் கடலை தின்னுட்டுப் பார்ப்பேன். அவ பேசாம இருந்தாத்தான் அவளுக்குப் பதிலா நான் யோசிப்பேன். பேசிட்டா அவ வேற யாரோ ஆயிடுவா."

"சூப்பர் பாயிண்ட். எழுதி அனுப்புங்க அக்கா."

எழுதி அனுப்பினாள். பதில் வரவில்லை. அதற்குப் பதிலாக விளம்பரத்துக்கு ஒரு காணொளி கேட்டார்கள். ஷாமினி ஏழு நிமிடம் தம்பியைப் பற்றிப் பேசினாள். வெளியே வந்தபோது அது ஒன்பது வினாடியாக இருந்தது: "இது நம்ம கதை. எல்லாரும் வந்து பாருங்க." போஸ்டரில் அவள் முகத்தைப் போட்டு 'ரசிகர்களின் ஆசீர்வாதத்துடன்' என்று அச்சடித்திருந்தார்கள். குழுவில் கேட்டார்கள், அக்கா, நம்பலாமா என்று. நம்பலாம் என்று அவள்தான் எழுதினாள்.

படம் வெளியாவதற்கு முந்தைய நாள் மத்தியானம் சுங்கைப் பட்டாணியில் சிறப்புக் காட்சி. சிவபாக்கியம் மகன் இறந்த பிறகு கட்டாமல் வைத்திருந்த பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார்.

முதல் கார்டில் பெயர் இல்லை. படகுக்காரிக்கு நிலா என்று பெயர் வைத்திருந்தார்கள். ஐந்தாவது நிமிடத்தில் பேச ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. மழையில் ஒரு பாட்டு வந்தது. படகுத்துறையில் ஐந்து பேர் நின்றபோது கதாநாயகன் ஒரு விசைப்படகில் பறந்து வந்து எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போனான். பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். வெள்ளம் தானாக வடியவில்லை. யாரும் காத்திருக்கவில்லை. தன் தம்பி அந்த மத்தியானம் வாழ்ந்ததற்கே அடையாளம் இல்லாமல் துடைத்துவிட்டார்கள் என்று ஷாமினிக்குத் தோன்றியது.

படம் முடிந்து விளக்குப் போட்டார்கள். சிவபாக்கியம் எழுந்திருக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரையில் ஓடிய பெயர்களை விரலால் காற்றில் தொட்டுத் தொட்டு வாசித்தார். சமையல்காரர் பெயர் போயிற்று, கார் ஓட்டியவர்கள் பெயர் போயிற்று. திரை வெள்ளையானது. துடைப்பத்தோடு வந்த பெண் ஓரமாக நின்றாள்.

"முடிஞ்சுதோ பிள்ளை? நான் கண்ணாடி துடைக்கேக்க போயிருக்குமோ?"

"ஆமாம்மா. அப்பத்தான் போச்சு" என்றாள் ஷாமினி.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் நளினி காத்திருந்தாள். கண் சிவந்திருந்தது. அம்மா காரில் ஏறும்வரை பொறுத்திருந்துவிட்டு ஷாமினியைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனாள்.

"அக்கா, நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். உங்களுக்குத் தெரியணும்னுதான் இந்த வாய்ஸ அனுப்புறேன். கேட்டுட்டு வெச்சுக்குங்க. இப்ப வெளிய விட்டுடாதீங்க. எங்க படக்குழு குரூப்ல ஏழு பேருதான். நான்தான் கொடுத்தேன்னு உடனே தெரிஞ்சிடும். அடுத்த மாசம் வேற கம்பெனில எனக்கு ஸ்கிரிப்ட் சைன் ஆகுது. ஒரு மாசம் பொறுங்கக்கா. அப்புறம் நானே உங்க பக்கத்துல நின்னு சொல்றேன்."

வீட்டுக்கு வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஷாமினி கேட்டாள். தேவனின் குரல். சிரித்துக்கொண்டே பேசியிருந்தார்.

"ஃபேன்ஸ் பத்திக் கவலப்படாதீங்க லா. அவங்க எப்படியும் வருவாங்க. திட்டறதுக்காவது டிக்கெட் வாங்குவாங்க. அந்தக் கை வராத பையன் கதைய வெட்டிடு, பார்க்க வர்றவன் மூட் போயிடும். பேரும் வேணாம், அப்புறம் யாருன்னு கேப்பாங்க. அக்கா மூஞ்சி போஸ்டர்ல இருக்குல்ல, போதும்."

முப்பத்திரண்டு வினாடி. அவள் அதை எத்தனை முறை கேட்டாள் என்பது அவளுக்கே தெரியாது. நளினி சொன்ன ஒரு மாதம் அவள் ஞாபகத்தில் இல்லாமல் இல்லை. ஒரு மாதத்தில் படம் ஓடி முடிந்துவிடும், அதற்கப்புறம் அடித்தால் வலிக்காது என்று கணக்குப் போட்டாள்.

மறுநாள் காலை வேலைக்கு விடுப்புச் சொன்னாள். முதல் காட்சிக்கு மூன்று மணி நேரம் இருக்கும்போது, குழுவில் அந்தக் குரல் பதிவைப் போட்டாள். கீழே நாற்பத்தாறு பக்கக் குறிப்பையும், எதை எந்தத் தேதியில் அனுப்பினாள் என்பதையும் வரிசையாகப் போட்டாள். சுதர்ஷன் இரண்டு விரலால் ஆடிய காணொளியைப் போட்டாள். 'நம்பலாம் என்று சொன்னது நான். மன்னித்துக்கொள்ளுங்கள். இந்தப் படத்துக்கு ஒருவரும் போகாதீர்கள், திட்டுவதற்குக்கூட' என்று எழுதினாள்.

மத்தியானத்துக்குள் அது குழுவைத் தாண்டிப் போய்விட்டது. படமே பார்க்காதவர்களும் விளையாட்டே தெரியாதவர்களும் கேட்டார்கள். கை வராத பையன் என்ற சொல்தான் எல்லாரையும் சுட்டது. மாற்றுத்திறனாளிகள் சங்கம் ஒன்று அறிக்கை விட்டது. விளம்பரம் கொடுத்திருந்த நகைக்கடை பின்வாங்கியது. ஆறாம் நாள் சுங்கைப் பட்டாணியில் படத்தைத் தூக்கிவிட்டார்கள். ஷாமினி வேலை முடிந்து தியேட்டர் இருந்த மாலுக்குப் போனாள். ஒரு ஊழியர் ஏணியில் நின்று போஸ்டரை உரித்துக்கொண்டிருந்தார். அவள் முகமும் சேர்ந்து கிழிந்து வந்தது. கடைசித் துண்டு விழும்வரை நின்று பார்த்துவிட்டு, ரொம்ப நாளைக்குப் பிறகு பசி எடுத்து, கீழே போய் ஒரு தட்டு மீ கோரெங் முழுவதும் சாப்பிட்டாள்.

நளினியை இரண்டாம் நாளே வெளியே அனுப்பிவிட்டார்கள். மற்றக் கம்பெனியும், குரூப்பில் பேசுவதை வெளியே கொடுக்கிற ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. நளினி அழைத்தபோது ஷாமினி எடுக்கவில்லை. மூன்று தடவைக்குப் பிறகு அழைப்பு வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து தேவன் அழைத்தார். குரலில் சிரிப்பு இல்லை.

"அக்கா, படத்த ஆன்லைன்ல போடறோம். முதல் கார்டுல தம்பி பேரப் போட்டுடறேன். நளினியையும் திரும்ப எடுத்துக்கறேன். நீங்க அந்த வாய்ஸ மட்டும் எடுத்துடுங்க. என்னால எங்கயும் தலைகாட்ட முடியல."

"அப்படியா" என்றாள் ஷாமினி. பக்கத்து அறையில் அம்மா சாமிக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார். தேவன் மூச்சு விடும் சத்தம் கேட்டது. அவர் காத்திருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது.

"எடுக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வைத்தாள். யார் பேசினது என்று அம்மா கேட்டார். வேலையிடத்திலிருந்து என்றாள்.

நளினியை அவள் பார்க்கப் போனது அதற்கும் பிறகுதான். எதற்குப் போனாள் என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. லூனாஸில் நளினியின் அண்ணன் வைத்திருந்த மருந்துக் கடையில் நளினி பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஷாமினியைப் பார்த்ததும் கத்தவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"தேவன் உங்ககிட்ட பேசினாராம். எங்கிட்டயும் சொன்னாரு" என்றாள்.

"பேசினாரு."

"எனக்காக அந்த வாய்ஸ எடுங்கன்னு சொல்லல. உங்கம்மா அந்தப் பேரத் தேடினாங்களே. நான் கதவுகிட்ட நின்னு பார்த்தேன்."

"அந்தப் படத்துல அவன் பேர் வந்தா அவன அவமானப்படுத்தற மாதிரி."

"அது உங்களுக்கு. அம்மாகிட்ட கேட்டீங்களா?"

வாடிக்கையாளர் ஒருவர் வந்து இருமல் மருந்து கேட்டார். நளினி எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

"முந்தின ராத்திரியே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்கா. 'போடப் போறேன், நீ தயாரா இரு'ன்னு. நான் வேணாம்னு அழுதிருப்பேன். ஆனா எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

"சொல்லியிருந்தா நீ தடுத்திருப்ப. படம் வர்ற அந்த நாள் எனக்கு வேண்டியிருந்துச்சு. அதுதான்" என்றாள் ஷாமினி. "உனக்குச் செஞ்சது தப்புதான். தம்பிக்காகச் செஞ்சது தப்பில்ல. மறுபடியும் அந்த நாள் வந்தா மறுபடியும் போடுவேன், நளினி. பொய் சொல்ல வரல."

நளினி அவளை நேராகப் பார்த்தாள். "அப்ப மன்னிப்புக் கேக்காதீங்க" என்றாள். "கேட்டா நான் பரவாயில்லன்னு சொல்லணும். எனக்குச் சொல்ல வராது."

ஷாமினி கேட்கவில்லை. எழுந்து, அம்மாவுக்கு வேண்டிய ரத்த அழுத்த மாத்திரையின் பெயரைச் சொன்னாள். நளினி அட்டையிலிருந்த பெயரை ஒரு தடவை வாசித்துக் காட்டிப் பையில் போட்டாள். அம்மாவிடம் இன்னும் கேட்காத அந்தக் கேள்வியோடு ஷாமினி வெளியே வந்து காரை எடுத்தாள். கூலிம் சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லாரிகளுக்குப் பின்னால் மெதுவாகத்தான் போக முடிந்தது.