நீருக்கடியில் ஒரு வண்டிப்பாதை

ஆர்மோனியப் பெட்டி அளவுக்கு இருந்தது அந்தக் கருவி. மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு காகிதச் சுருள் மெல்ல நகரும். அதன்மேல் ஊசி ஒன்று கருகல் வாடையோடு கோடு இழுக்கும். படகிலிருந்து ஒலியைக் கீழே அனுப்பி, அது தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து ஆழம் காட்டும் கருவி. இன்று மீன்பிடிப் படகுகளில் இதையே வண்ணத் திரையில் பார்க்கிறார்கள். அறுபதுகளின் நடுவில், திண்டுக்கல்லுக்கு மேற்கே ஓர் அணையில் எவ்வளவு வண்டல் சேர்ந்திருக்கிறது என்று அளப்பதற்காக அதை எங்களிடம் கொடுத்தார்கள். நான் ஜூனியர் இன்ஜினீயர். எனக்கு நீச்சல் தெரியாது என்பதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

என்னோடு வந்த ஓவர்சியர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அணைக்குள் மூழ்கிய ஊர் அவருடைய சொந்த ஊர். காலி செய்யச் சொல்லும் நோட்டீஸை வீடு வீடாக ஒட்டியவரும் அவர்தான். உத்தியோகம், மறுக்க முடியவில்லை. தங்கள் வீட்டுக் கதவிலேயே அவர் பசை தடவியதைப் பார்த்துக்கொண்டு நின்ற அண்ணன், அதன் பிறகு அவரோடு பேசவில்லை. அண்ணன் அணைக்குக் கிழக்கே கீழ்க்கரையில் குடியேறினார். ஏழு வருடமாக ஓவர்சியர் அந்தக் கரையில் கால் வைத்ததில்லை. அங்கே வேலை வந்தால் ஏதாவது காரணம் சொல்லி வேறு ஆளை அனுப்பிவிடுவார். இதெல்லாம் படகு ஓட்டிய பாய் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அன்று ஆடி மாதத்து நண்பகல். நீர்மட்டம் நன்றாக இறங்கியிருந்தது. காகிதத்தில் தரைக்கோட்டிலிருந்து குச்சி குச்சியாக ஏதோ எழும்பியது. மீன் கூட்டம் என்றேன்.

"மீனில்லைங்க சார், எங்க ஊர்ப் பனைங்க" என்றார் ஓவர்சியர். "வெட்டாம விட்டது, மொட்டையா நிக்கிது. இந்தப் பக்கம் வேணாம்."

எனக்கு அன்றைய அளவு முடிந்தாக வேண்டும். நேராகப் போகச் சொன்னேன். சற்று நேரத்தில் அடிப்பலகையில் ஓர் இடி. மோட்டார் உறுமி அடங்கியது, தண்ணீருக்குள் சுழலும் அதன் விசிறி முறிந்துபோயிருந்தது. விரிசலில் தண்ணீர் பீறிட்டது. பாய் தோள்துண்டைச் சுருட்டித் திணித்துப் பார்த்தார்.

"நிக்க மாட்டேங்குது சார்."

மேல்காற்று எங்களைக் கிழக்கே தள்ளியது. கலங்கல் தண்ணீரில் ஒரு மரமும் கண்ணுக்குத் தெரியவில்லை. பலகையில் அவை உரசும் சத்தம் மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கேட்டது. கரை தெரிந்தது, போக வழி தெரியவில்லை. இரண்டு கையாலும் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

ஓவர்சியர் என்னைக் குறை சொல்லவில்லை. பேட்டரியில் இன்னும் ஓடிக்கொண்டிருந்த கருவிப் பெட்டியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"பாய், துடுப்பை எடுங்க. சார், நீங்க டிபன் கேரியர்ல தண்ணிய மோந்து வெளிய ஊத்துங்க. கீழ வண்டிப்பாதை ஒண்ணு இருக்கு. சேத்துமேல கோடு வெளிறிக் கெடக்கும், இறுகுன பாதைமேல கறுத்து விழும். அதுல மரம் கெடையாது."

"எங்கே போகும் அது?"

அவர் ஒருமுறை கிழக்கே பார்த்தார்.

"கீழ்க்கரைக்குங்க."

கோடு கறுத்தால் நேரே, வெளிறினால் திருப்பம். ஒரு முறை கோடு திடீரென்று கீழே விழுந்தது. "ஊர்க்கிணறு. இடக்கைப் பக்கம் பிடிங்க பாய்." இன்னும் கொஞ்சம் தள்ளி ஒரு மேடு எழுந்தது. அதற்கு அவர் பெயர் சொல்லவில்லை. விரலை மட்டும் அதன்மேல் வைத்து எடுத்தார். ஒரு மாதமாக இந்த மனிதர் தினமும் தன் ஊரை மூடிய தண்ணீரின்மேல் உட்கார்ந்து எனக்கு எண்களைப் படித்துச் சொல்லியிருக்கிறார். அதனடியில் அவர் வீடும் இருக்கும் என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

தண்ணீர் கெண்டைக்காலைத் தாண்டியபோது படகு தரை தட்டியது. கரையில் மண்வெட்டியோடு நின்ற ஒருவர் இடுப்பளவு நீரில் இறங்கி வந்து கயிற்றைப் பிடித்தார். ஓவர்சியரின் அதே முகம், தலை மட்டும் நரைத்திருந்தது. எனக்குக் கை கொடுத்தார், பாய்க்குக் கொடுத்தார். ஓவர்சியர் எழுந்திருக்கவில்லை. நிறைந்துகொண்டிருந்த படகிலேயே உட்கார்ந்திருந்தார்.

"எப்பிடிடா வந்த?" என்றார் அண்ணன்.

"நம்ம பாதையிலதாண்ணே."

அண்ணன் கயிற்றை விடவும் இல்லை, இழுக்கவும் இல்லை. தண்ணீரையே பார்த்தார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"ஏ புள்ள, மூணு பேரு வந்திருக்காக. உலை வையி."

ஓவர்சியர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்.