பாட்டுக்கு நடுவே ஒரு ‘டக்’

ரேடியோ ரிப்பேர்க் கடைக்கு வருகிறவர்கள் பெட்டியை மட்டும் மேசைமேல் வைப்பதில்லை. வீட்டுச் சண்டையையும் ஊர்ச் சண்டையையும் சேர்த்தே வைத்துவிட்டுப் போவார்கள்.

குத்தாலம் கடைத்தெருவில் நான் கடை வைத்திருந்த காலம் அப்படிப்பட்டது. கூலித் தகராறும் குத்தகைத் தகராறும் ஊருக்கு ஊர் நடந்துகொண்டிருந்தன. வரப்பில் கொடி பறக்கும். தெருமுனையில் போலீஸ் வேன் நிற்கும். அப்போதும் ஜனங்கள் பாட்டுக் கேட்டார்கள். ஆசையாக ரெக்கார்டு பிளேயர் வாங்கிவிட்டு, பாட்டைவிட இரைச்சலையே அதிகம் கேட்ட அன்பர்களே, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும்.

எறும்பின் குரல்

சிங்கப்பூரிலிருந்து வந்த காசிம் பாய் புத்தம்புது ரெக்கார்டு பிளேயர் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். ரேடியோவின் பின்னால் செருகினால் பாட்டு, பக்கத்து வீட்டில் யாரோ கதவைச் சாத்திக்கொண்டு பாடுவதுபோல் கேட்கிறதாம். “மெஷின் செத்துப்போச்சு மெக்கானிக், அடக்கம் பண்ணிடுங்க” என்றார்.

மெஷினில் ஒரு குற்றமும் இல்லை. பழைய பிளேயர்களின் முள்ளுக்கு உரத்த குரல். ரேடியோவில் நேரே செருகினால் பாடிவிடும். இது காந்தம் வைத்த புது மாதிரி முள். அதன் குரல் எறும்பின் குரல். அந்தக் குரலை வாங்கிப் பெரிதாக்கி, ரேடியோவின் காதில் சொல்ல நடுவில் ஓர் ஆள் வேண்டும். இன்னொன்றும் உண்டு. இசைத்தட்டில் பதிக்கும்போது மிருதங்கத்தின் அடிச் சத்தத்தைக் குறைத்து, ஜால்ராவின் ஓசையைக் கூட்டித்தான் பதிக்கிறார்கள். அதைத் திருப்பிச் சமன் செய்வதும் அந்த நடு ஆளின் வேலை. பிரீஆம்ப் என்று பெயர். வெற்றிலைப் பெட்டி அளவுதான் இருக்கும்.

இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு பாய் தாடியைத் தடவினார். “அப்ப நான் மாப்பிள்ளையை மட்டும் கப்பல்ல ஏத்திக் கூட்டிட்டு வந்துட்டேன், பொண்ணை அங்கேயே விட்டுட்டேன்னு சொல்லுங்க.”

மூன்று பெட்டிகள்

பாய் மறுபடி கப்பலேறும்போது அந்த பிளேயரை மிராசுதார் சந்தானத்துக்கு விற்றுவிட்டுப் போனார். சந்தானம் எனக்கு ஆள் அனுப்பினார். நான் மூன்று பிரீஆம்ப்களைப் பையில் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். பெரிய கூடம். ஒரு மூலையில் புதுப் பிரிட்ஜ், அதன் தலைமேல் கண்ணாடிச் சாமான்கள். ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தோப்பு, அதற்கு அப்பால் வயல்.

மலிவுப் பெட்டி தகர டப்பாவில் வந்தது. பாட்டுக்கு அடியில் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் ஓயாமல் ஓடியது. சந்தானம் காதைப் பொத்திக்கொண்டார். வெளிநாட்டுப் பெட்டி பன்னீரில் கழுவியதுபோல் பாடியது. விலையைக் கேட்டதும் அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். மூன்றாவது, நடுத்தர விலை. கனமான இரும்புக் கூடு. இரைச்சல் அறவே போய்விட்டது. ஆனால் பாட்டு நடுவில் தெளிவாக ஒரு ‘டக்’. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு ‘டக்’.

“ஒரு கண்டென்சர் வைத்தால் போய்விடும்” என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

“இது எதனால வருது?”

“பக்கத்துல எங்கயாவது பெரிய ஸ்விட்ச் போட்டா வரும்ங்க.”

“தோப்புக்கு அந்தண்டை இருக்கற நம்ம மோட்டாரைப் போட்டா?”

“ஒரே கம்பத்து லைன்னா வரும்.”

அவர் ஜன்னல் வழியாகத் தோப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “இதையே வச்சுட்டுப் போங்க. அந்த டக்கை மட்டும் எடுத்துடாதீங்க.”

பாட்டு ஓடும் நேரம்

வாங்குகிறவர் குறையோடு வேண்டும் என்று கேட்ட பெட்டி அது ஒன்றுதான். ஏன் கேட்டார் என்பது அஞ்சலை கடைக்கு வந்தபோது விளங்கியது. சந்தானத்தின் நிலத்தைக் குத்தகைக்கு உழுத தங்கராசுவின் மனைவி அவர். டிரான்சிஸ்டரில் ஏரியல் ஒடிந்துவிட்டது. மேட்டூர் அணையை எப்போது திறப்பார்கள் என்று செய்தி கேட்க வேண்டுமாம்.

அந்த வருடம் ஆற்றில் தண்ணீர் வரத் தாமதம். மோட்டார் இருந்தவர்கள் மட்டும் குறுவைக்கு நாற்று விட்டிருந்தார்கள். தங்கராசுவும் விட்டிருந்தார். மோட்டார் சந்தானத்துடையது, முறை வைத்துத் தண்ணீர் எடுத்துக்கொள்வது பழைய ஏற்பாடு. தங்கராசு குத்தகைதாரராகத் தன் பெயரைப் பதிய மனுக் கொடுத்தார். அன்றோடு முறை நின்றது. ‘என் மோட்டாரைத் தொட்டால் திருட்டுக் கேஸ்’ என்று சந்தானம் சொல்லிவிட்டார். நாற்று கருகினால் குறுவை இல்லை. திருட்டுக் கேஸ் விழுந்தால் நிலமே இல்லை.

“அப்புறம் எப்படித் தண்ணி விடறீங்க?” என்றேன்.

அஞ்சலை சிரித்தார். “மத்தியானம் சோறு தின்னுட்டு அவரு பாட்டுப் போடுவாரு. தோப்பு தாண்டிக் கேக்கும். பாட்டு ஓடினா ஆளு நாற்காலியில கெடக்காருன்னு அர்த்தம். அப்பப் போடுவோம்.”

பெட்டி என்ன செய்யும் என்பதைச் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது. டிரான்சிஸ்டரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“பாட்டு நின்னா ஆளு வெளிய வந்துடுவாரு. பாட்டு ஓடினா பொட்டி கோள் சொல்லிடும். எந்நாத்து எப்பத்தாங்க தண்ணி குடிக்கும்?”

கம்போடு வந்த ரசிகர்கள்

சில நாள் கழித்து முள் மாற்ற சந்தானம் வீட்டுக்குப் போனேன். வழியில் நாற்றங்காலைப் பார்த்தேன். ஓரமெல்லாம் மஞ்சள். தங்கராசு குளத்திலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி குடத்தைச் சாய்த்தார்.

கூடத்தில் சந்தானத்தோடு இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அருமையான நாதஸ்வர ரெக்கார்டு. ஒருவரும் தலையாட்டவில்லை. ஆளுக்கொரு மூங்கில் கம்பு மடியில் கிடந்தது. நான் முள்ளை மாட்டி, தட்டின் மேல் இறக்கிவிட்டு, கிளம்பலாமா என்று பார்த்தேன். “இருங்க” என்றார் சந்தானம். இருந்தேன்.

‘டக்.’

இருவரும் கொல்லைப்புறமாகப் பாய்ந்தார்கள். சந்தானம் தட்டிலிருந்து முள்ளைத் தூக்கிவிட்டார். அந்த அமைதியில் எனக்குக் கேட்டதெல்லாம் தோப்பில் சருகு நொறுங்கும் ஓசைதான். குடம் சுமந்துகொண்டிருந்த அந்த மனிதரை நினைத்தேன். ஓர் அலறல் கேட்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன், கேட்கவில்லை. இருவரும் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்கள். “ஒருத்தரும் இல்லீங்க. மோட்டார் ஜில்லுன்னு கெடக்கு.”

“ஓடிட்டானுங்க” என்றார் சந்தானம். பிறகு என் பக்கம் திரும்பினார். நான் கடை வைத்திருந்த கட்டடமும் அவருடையதுதான். “நாளைக்கு ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வர்றாரு. டக்குன்னா மோட்டார்தான்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். கடைத்தெருவுல இருக்கற மனுஷர், யோசிச்சுப் பேசுங்க.”

கூடத்தில் எல்லோரும்

மறுநாள் இன்ஸ்பெக்டர் ஒரு கான்ஸ்டபிளோடு வந்து நாற்காலியில் அமர்ந்தார். தங்கராசுவையும் அஞ்சலையையும் விசாரணைக்கு வரச்சொல்லியிருந்தார். இருவரும் முற்றத்தில் நின்றார்கள். கம்பு ரசிகர்கள் தூணோரம். ராத்திரி முழுக்க என்ன சொல்வது என்று யோசித்து எனக்குக் கண் எரிந்தது.

“நீங்க சொல்லுங்க. டக்குன்னா மோட்டாரா?” என்று இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டார்.

“ஸ்விட்ச் போட்டா டக்குன்னு கேக்கும் சார். எந்த ஸ்விட்ச், யார் கைன்னு பெட்டிக்குத் தெரியாது.”

சந்தானத்தின் பார்வை என்மேல் சுட்டது. “கேட்டுத்தான் பாருங்களேன்” என்று தட்டைச் சுழல விட்டார். பாட்டு ஓடியது. இன்ஸ்பெக்டர் கன்னத்தில் கைவைத்துக் கேட்டார். முற்றத்து வெயிலில் அஞ்சலை தன் புடவை முந்தானையை முறுக்கிக்கொண்டே நின்றார்.

‘டக்.’

“கேட்டீங்களா! போய்ப் பிடிங்க!” சந்தானம் துள்ளி எழுந்தார். கான்ஸ்டபிள் இரண்டடி எடுத்து வைத்துவிட்டு நின்றார். இன்ஸ்பெக்டர் முற்றத்தைப் பார்த்தார், பிறகு சந்தானத்தைப் பார்த்தார். “யாரைப் பிடிக்கச் சொல்றீங்க? ரெண்டு பேரும் இங்கதானே நிக்கறாங்க.”

“அவங்க ஆளுங்க யாராவது...”

கூடத்து மூலையில் கண்ணாடிச் சாமான்கள் கிணுகிணுவென்று நடுங்கின. பிரிட்ஜ் உறும ஆரம்பித்திருந்தது. இரண்டு தடவை அதன் பக்கத்தில் நின்று வேலை பார்த்தும் எனக்கு அது தோன்றவில்லை. சமையலறை வாசலிலிருந்து சந்தானத்தின் மனைவி கமலா அம்மாள் எட்டிப் பார்த்தார். “ஏங்க, அது நம்ம பிரிட்ஜுங்க. தன்னால போட்டுக்கும், தன்னால அணைஞ்சுக்கும். அதுக்கா இத்தனை நாளா ஆளை விரட்டினீங்க?”

கான்ஸ்டபிள் இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. மனு முடிவாகும்வரை பழைய முறைப்படி தண்ணீர் போக வேண்டும், பயிரைக் காயவிட்டால் தானே வந்து நின்று திறந்துவிடுவேன் என்று சொல்லி எழுந்தார். சந்தானம் நாற்காலியில் உட்கார்ந்தவர் எழவில்லை. தட்டு மட்டும் சுழன்றுகொண்டிருந்தது.

தங்கராசு தோப்பை நோக்கி நடந்தார். பின்னால் போன அஞ்சலை, ஜன்னலருகே நின்று உள்ளே குனிந்தார். “பாட்டை நிறுத்திடாதீங்கய்யா. இன்னும் செத்த நேரத்துல டக்குன்னு ஒண்ணு கேக்கும். அது நாங்கதான்.”

ஆகவே அன்பர்களே, நடுத்தர விலைப் பெட்டி பாட்டையும் தரும், கொஞ்சம் உண்மையையும் தரும். எது எது என்று பிரித்துச் சொல்வது மட்டும் அந்த விலையில் சேர்த்தியில்லை.